கேள்வி கேட்க ஆளில்லாத மேடை

பாலக்காடு மாவட்டத்துக் கொல்லங்கோட்டில் காலை நேரத்துப் பஸ்கள் கல்லூரிப் பிள்ளைகளை இரு திசைகளில் பிரித்து ஏற்றிக்கொண்டு போகின்றன. ஒரு கூட்டம் புதுநகரம் வழியே பாலக்காட்டுக்கு. இன்னொரு கூட்டம் கோவிந்தாபுரம் எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்கு, அங்கிருந்து கோவைக்கு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கல்லூரியில் இங்கிலீஷ் என்று வளர்ந்த பிள்ளைகள் இவர்களில் நிறைய. எந்தத் திசையில் போனாலும் இவர்கள் கைப்பேசிகளில் ஒரே மாதிரியான அழைப்பிதழ் ஒன்று சுற்றுகிறது. கறுப்புப் பின்னணி, சிவப்பும் வெள்ளையுமாக எழுத்து, கைகட்டி நிற்கும் ஆறேழு பேரின் படம். கல்லூரியின் பெயர், அதற்கு முன்னால் ஒட்டினாற்போல ‘டெட்எக்ஸ்’. திருச்சி என்.ஐ.டி.யிலும் கொச்சிப் பல்கலைக்கழகத்திலும் நடந்தது இதுதான். வேறு ஊர்க்காரர்கள் பெயர்கூடக் கேட்டிராத சுயநிதிக் கல்லூரிகளிலும் நடப்பது இதுதான். மாணவர்களே நடத்தும், கேட்பவர்களைத் தூக்கி நிறுத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் பேச்சுகளின் ஒருநாள் திருவிழா.

இந்தத் திருவிழாவின் மேல் எனக்கு மரியாதையும் இருக்கிறது, மனக்குறையும் இருக்கிறது. மரியாதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் திருவிழாவுக்கு மூலமான டெட் மாநாடு 1984இல் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ரிச்சர்ட் சால் வர்மன் என்ற கட்டடக் கலைஞரின் முயற்சியில் தொடங்கியது. முதல் மாநாடு நஷ்டம். கையைச் சுட்டுக்கொண்டவர்கள் அடுத்ததை நடத்த 1990 வரை ஆயிற்று. 2001இல் அது கிறிஸ் ஆண்டர்சன் கைக்கு வந்தது. பாகிஸ்தானில் பிறந்து, நம் முசூரியின் உட்ஸ்டாக் பள்ளியில் படித்தவர் இவர். அதுவரை காசுள்ளவர்கள் மட்டும் போய் உட்கார்ந்து கேட்ட பேச்சுகளை 2006இல் இணையத்தில் இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். 2009இல் அடுத்த படி: யார் வேண்டுமானாலும், எந்த ஊரிலும், விதிகளுக்கு உட்பட்டுத் தாமே நடத்திக்கொள்ளலாம் என்று உரிமம் கொடுத்தார்கள். அதுதான் டெட்எக்ஸ். அதன் முதல் கூட்டம் அந்த ஆண்டு மார்ச் மாதம் நடந்ததும் ஒரு பல்கலைக்கழகத்தில்தான், தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில். அதே ஆண்டு நவம்பரில் மைசூர் இன்ஃபோசிஸ் வளாகத்துக்கு டெட் மாநாடே வந்து போனது. அதன்பின் நம் கல்லூரிகளில் இது பரவியதை யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

விதிகளைப் படித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். உரிமத்துக்குக் கட்டணம் கிடையாது. பேச்சாளருக்குப் பணம் கொடுக்கக் கூடாது. பணம் கொடுக்கும் கம்பெனிக்காரர் மேடையேறித் தன் சரக்கை விற்கக் கூடாது. கட்சிப் பிரசாரமும் மதப் பிரசாரமும் ஆகாது. ஒரு பேச்சு 18 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. உரிமம் எடுத்தவர் டெட் மாநாட்டுக்கு நேரில் போய் வந்தவராக இல்லாவிட்டால் அரங்கில் 100 பேருக்கு மேல் உட்காரவைக்கக் கூடாது. இந்த விதிகளை நம் ஊர் மேடைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, வாழ்த்துரை, மறுபடி வாழ்த்துரை. கேரளப் பக்கம் சுவாகதம், அத்தியட்சன், உத்காடனம், வரிசையாக ஆசம்சைகள். சிறப்புரை ஆற்ற வந்தவர் எழுந்து நிற்கும்போது சமையல்காரர் இலை போடலாமா என்று கேட்டு ஆள் அனுப்பியிருப்பார். இருபது வயதுப் பிள்ளைகள் சேர்ந்து பொன்னாடை, மாலை, நினைவுப் பரிசு, எம்.எல்.ஏ.வுக்காக ஒரு மணி நேரக் காத்திருப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் துடைத்தெறிய முடிந்ததே, அதற்காகவே இவர்களைக் கும்பிடலாம்.

வேலையும் லேசுப்பட்டதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பேச்சாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அவள் இருந்தாள். முந்தின நாள் ஒத்திகைக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தாள். அந்த அரங்கத்தில் அன்று மாலை நான் பார்த்த பிள்ளைகள் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு பையன்கள் சிவப்புக் கம்பளத்தின் ஓரம் சுருளாமல் இருக்க அடியில் இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டி, மேலே ஏறி நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருத்தி சாப்பாட்டு டோக்கன்களில் சீல் குத்திக்கொண்டே யாரிடமோ போனில் ஸ்பான்சர் பணத்துக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மேடைக்கு எதிரே, பேச்சாளர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, நிமிடம் இறங்கு வரிசையில் ஓடும் ஒரு திரை. அதை இயக்கும் பையன் யாருடனும் பேசவில்லை. நாலு வருஷப் பாடத்தில் இவர்கள் கற்றுக்கொள்ளாத காரியங்களை இந்த ஏற்பாட்டின் நாலு வாரத்தில் கற்றுக்கொண்டிருந்தார்கள். கணக்கு எழுதுவது, பெரிய மனிதர்களிடம் மறுத்துப் பேசுவது, தூங்காமல் இருப்பது.

மறுத்துப் பேசியதைக் கண்ணால் பார்த்தேன். சிறு தொழிலதிபர் ஒருவர் ஒத்திகைக்கு மேடையேறினார். நல்ல மனிதர், பேச்சும் வந்தது. கூட்டாளி கைவிட்டுப் போனதும், வங்கிக் கடன் ஏறியதும், ஊரில் தலைகாட்ட முடியாமல் மாமனார் வீட்டில் இருந்ததும், ஓர் ஆள் தனக்குச் செய்த அநியாயத்தைத் தானும் இன்னொரு ஆளுக்குச் செய்ததும் என்று போய்க்கொண்டே இருந்தது. இறங்கு திரை பூஜ்யத்துக்கு வந்து, சிவந்து, மின்னத் தொடங்கியும் அவர் முடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் மேடைக்குக் கீழே போய் நின்று, “சார், எட்டு நிமிஷம் கொறைக்கணும் சார்” என்றாள். இருவரும் உட்கார்ந்து வெட்டினார்கள். மாமனார் வீடு போயிற்று. கடனில் பாதி போயிற்று. அவர் செய்த அநியாயம் முழுசாகப் போயிற்று. மிச்சம் இருந்தது ஒரு வீழ்ச்சி, ஒரு விடியற்காலை முடிவு, ஓர் எழுச்சி.

வெளியே வந்து டீ குடிக்கும்போது கேட்டேன். “ஏம்மா, அந்த ஆள் தன்மேல் குத்தம் சொன்ன இடந்தானே உசிரு? அதையா எடுத்தீங்க?”

“அது டவுனாப் போகுது மாமா. வீடியோ பாக்கறவங்க அந்த எடத்துல மூடிட்டுப் போயிருவாங்க.”

அவள் சொன்னதில் தவறு ஏதுமில்லை. அந்த மேடை கேட்பது அப்படித்தான். அரங்கில் இருப்பவர்கள் நூறு பேர். பேச்சோ நாளை யூடியூபில் ஏறி எத்தனை லட்சம் பேரிடம் போகுமோ தெரியாது. ஆகவே பேச்சாளர் எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பேசுவதாகப் பாவனை செய்துகொண்டு காமிராவுக்குப் பேசுகிறார். எதிரே இருப்பவர்கள் சரியான இடத்தில் சிரிக்கிறார்கள், முடிவில் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை. பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்பது அங்கே வழக்கமில்லை. விளக்கு அணைந்து, அடுத்தவர் வந்துவிடுவார்.

என் மனக்குறை இதுதான். பதினெட்டு நிமிடம் குறைவு என்பதல்ல. சுருக்கமாகப் பேசத் தெரியாதவர்களால் நாம் பட்ட பாடு போதும். கேள்வி கிடையாது என்று ஆன இடத்தில்தான் பேச்சு கெட்டுப்போகத் தொடங்குகிறது. கூட்டத்தில் ஒருவன் எழுந்து ‘அந்தக் கணக்கு சரியா வரலையே’ என்று கேட்பான் என்ற பயம் இருக்கும்வரை பேச்சாளர் கணக்கை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு வருவார். பயம் போனால் எதையும் சொல்லலாம். அமெரிக்காவில் ஒரு டெட்எக்ஸ் மேடையில் எண்களைச் சுழல் வடிவில் அடுக்கிப் பிரபஞ்ச சக்தியைப் பிடித்துவிடலாம் என்றுகூட ஒருவர் பேசிவிட்டுப் போனார். கைதட்டலும் வாங்கினார். அது கேலிக்குள்ளான பிறகு, 2012 டிசம்பரில், போலி அறிவியலை எப்படி அடையாளம் காண்பது என்று டெட் நிறுவனமே உலகெங்கும் உள்ள அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு ரூபர்ட் ஷெல்ட்ரேக், கிரகாம் ஹான்காக் என்ற எழுத்தாளர்கள் இருவருடைய லண்டன் டெட்எக்ஸ் பேச்சுகளைப் பிரதான இடத்திலிருந்து நீக்கினார்கள். அது தணிக்கை என்று பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டை அரங்கத்துக்குள் அன்றே நடந்திருந்தால் நீக்க வேண்டிய அவசியமே வந்திராது என்பது என் எண்ணம். 2013 டிசம்பரில் பெஞ்சமின் பிராட்டன் என்ற பேராசிரியர் சான் டியாகோவில் ஒரு டெட்எக்ஸ் மேடையிலேயே ஏறி, இந்த வகைப் பேச்சு சிக்கலான விஷயங்களை ஊக்க மாத்திரையாக்கிவிடுகிறது என்று வறுத்தெடுத்தார். அந்தப் பேச்சும் பரவலாகப் பார்க்கப்பட்டது. மேடை அதையும் விழுங்கிக்கொண்டது. அவரிடமும் எழுந்து கேள்வி கேட்பது அங்கே வழக்கமில்லை.

இதற்கு நேர் மாறான மேடைகளை எங்கள் பாலக்காடு மாவட்டம் பார்த்திருக்கிறது. 1962இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம், எழுபதுகளின் கடைசியில் சைலண்ட் வேலி அணைத் திட்டத்தை எதிர்த்தபோது, அதன் பேச்சாளர்களில் முக்கியமானவர்கள் கல்லூரி வாத்தியார்கள். தாவரவியல் ஆசிரியர் எம்.கே. பிரசாத் போன்றவர்கள். இவர்களுக்கு எதிரே வடக்குக் கேரளத்துக்கு மின்சாரம் வேண்டாமா என்று கேட்கும் ஆட்களும் இருந்தார்கள். அது நியாயமான கேள்வி. மின்சாரத்துக்கு வேறு வழி என்ன, செலவென்ன, காடு போனால் என்னென்ன போகும் என்று பரிஷத் தனியே ஒரு மதிப்பீட்டு நூலே தயாரிக்க வேண்டி வந்தது. கேள்வி கேட்டவர்கள் இல்லாவிட்டால் அந்த நூலுக்கு அவசியமே வந்திருக்காது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. மறு ஆண்டு அது தேசியப் பூங்கா ஆயிற்று. இன்று சைலண்ட் வேலியைப் பற்றி ஓர் ஊக்கப் பேச்சு தயாரித்தால் குரங்கும் மழையும் மிஞ்சும். எதிர்த்துக் கேட்டவன் வெட்டுப்பட்டுப் போவான்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். இந்த மேடைகளில் எந்த மொழியிலும் பேசலாம், தடை ஏதும் இல்லை. தமிழிலும் மலையாளத்திலும் பேசியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் நம் கல்லூரிகளில் பழக்கமாகிப் போனது இங்கிலீஷ். இங்கிலீஷிலும் ஒரு தனி இங்கிலீஷ்: நிறுத்தம், மூச்சு, கை அசைவு எல்லாம் பார்த்துப் பழகியது. இந்தப் பழக்கத்தை ஒரே ஆள் உடைத்துக் காட்டினார், கோவையின் அருணாச்சலம் முருகானந்தம். குறைந்த விலையில் சானிட்டரி நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கியவர். 2012இல் டெட் அமைப்பு உலகெங்கும் பேச்சாளர் தேடியபோது பெங்களூரில் நடந்த கூட்டத்தில் பேசினார். இலக்கணத்தைத் தன் சௌகரியத்துக்கு வளைத்துக்கொண்டு அவர் பேசிய இங்கிலீஷ் யாரையும் பார்த்துப் பழகியதல்ல. அவர் வாய்க்குள் கொங்குத் தமிழ் ஓடிக்கொண்டிருந்தது கேட்பவருக்குத் தெரிந்தது. அந்தச் சில நிமிடங்களுக்குக் கிடைத்த கைதட்டல் வாக்கியம் சுத்தமாக இருந்ததற்காக வரவில்லை. 2016இல் பத்மஸ்ரீ வந்தது, 2018இல் இந்திப் படமும் வந்தது. ஆனால் நம் பிள்ளைகள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ‘பள்ளிப்படிப்பை விட்டவர் ஜெயித்தார்’ என்ற கதையை மட்டும். எந்த மொழி வருகிறதோ அந்த மொழியிலேயே தைரியமாக நின்றார் என்பதை எடுத்துக்கொள்ளவில்லை. அன்று ஒத்திகையில் பேசிய தொழிலதிபர்கூட மேடைக்குக் கீழே அருமையான தமிழ் பேசினார். மேலே ஏறியதும் யாரோ எழுதிக் கொடுத்ததைப் போல ஆகிவிட்டார்.

கொல்லங்கோட்டு ராஜாஸ் பள்ளியில் மலையாள ஆசிரியராக இருந்தவர் கவிஞர் பி. குஞ்ஞிராமன் நாயர். ஓரிடத்தில் நிற்கத் தெரியாத மனிதர் என்று பெயர் வாங்கியவர். அவரை அந்தச் சிவப்புக் கம்பளத்தின் மேல் நிறுத்தி, எதிரே இறங்கு திரையை ஓடவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சில சமயம் நினைத்துச் சிரித்துக்கொள்வதுண்டு.

சிரிப்பு வராத ஒரு நினைப்பும் உண்டு. கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பெருமாட்டிப் பஞ்சாயத்தில் இருக்கிறது பிளாச்சிமடை. 2000ஆம் ஆண்டு அங்கே கொக்கோ கோலா ஆலை வந்தது. சீக்கிரமே சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் கெட்டது, பல கிணறுகளில் இறங்கியும் போனது. அந்தத் தண்ணீரில் சோறு வேகவில்லை, குளித்தால் உடம்பு அரித்தது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் ஆதிவாசிகள், அவர்களிலும் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் எரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா.

மயிலம்மா கல்லூரிப் படி ஏறியதில்லை. தமிழும் மலையாளமும் எந்த இடத்தில் ஒட்டுகின்றன என்று பிரித்துச் சொல்ல முடியாத இந்த எல்லைப் பேச்சுதான் அவர் பேச்சு. அந்தப் பந்தலுக்கு வராத ஆளில்லை. பத்திரிகைக்காரர்கள், விஞ்ஞானிகள், சட்டக் கல்லூரிப் பிள்ளைகள், கட்சிக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஒவ்வொருவரும் கேள்வியோடு வந்தார்கள். ஆலையில் வேலை பார்ப்பவர்கள் சோற்றுக்கு என்ன செய்வார்கள் என்றும் கேட்டவர்கள் உண்டு. அவர் பேச்சில் பெரும்பகுதி பதில்தான். 2003இல் பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் காவல்காரன் மட்டுமே என்று தீர்ப்புச் சொன்னார். 2004 ஜனவரியில் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் புதுச்சேரியில் உலகத் தண்ணீர் மாநாடு கூடி, வந்தனா சிவாவும் பிரான்ஸிலிருந்து ஜோசே பொவேயும் வந்தார்கள். அந்த மார்ச்சில் ஆலை நின்றது.

இங்கே நிறுத்தினால் அழகான பதினெட்டு நிமிடம். எளிய பெண், பெரிய கம்பெனி, வெற்றி, எழுந்து நின்று கைதட்டல். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2005இல் உயர் நீதிமன்ற அமர்வு முந்தைய தீர்ப்பை மாற்றி, நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. விஷயம் உச்ச நீதிமன்றம் போயிற்று. 2007 ஜனவரியில் மயிலம்மா இறந்துபோனார். 2010இல் அரசு அமைத்த குழு நஷ்டத்தை 216 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. 2011இல் கேரள சட்டமன்றம் நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்துக்கு மசோதா நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2017இல் கம்பெனி உச்ச நீதிமன்றத்தில், இனி அங்கே ஆலையைத் திறக்கும் எண்ணம் இல்லை என்று சொல்லிவிட்டது. நஷ்ட ஈடு மக்கள் கைக்கு வந்து சேரவில்லை.

இதுவும் ‘டவுனாப் போகிற’ கதைதான். இதை வெட்டினால் வீடியோ ஓடும். வெட்டிய இடத்தில்தான் சட்டம் படிக்கும் பிள்ளைக்கும் நிலத்தடி நீர் படிக்கும் பிள்ளைக்கும் வேலை இருக்கிறது. மத்திய அரசு அந்த மசோதாவை ஏன் திருப்பி அனுப்பியது, மாநிலம் வேறு வழியில் சட்டம் செய்ய முடியாதா, கெட்ட கிணறு எத்தனை வருஷத்தில் தேறும் என்று கேட்க நூறு விஷயம் இருக்கிறது. முடிந்துபோன வெற்றியைக் கேட்டவன் கைதட்டிவிட்டுப் போவான். முடியாத காரியத்தைக் கேட்டவனுக்குத்தான் வீட்டுக்குப் போகும் வழியில் நினைக்க ஏதாவது இருக்கும்.

பக்கத்து முதலமடையில் மாந்தோப்பு வைத்திருப்பவர்களும் இந்த முடியாத கதை வகைதான். நாட்டில் மற்ற இடங்களுக்கு முன்பே இங்கே மாங்காய் சந்தைக்கு வருகிறது என்று பெருமையாகச் சொல்வோம். அந்தத் தோப்புகளில் அடிக்கும் மருந்தைப் பற்றியும், பூ கருகிப்போகும் வருஷங்களைப் பற்றியும், தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் கணக்கைப் பற்றியும் அவர்கள் வாயால் கேட்டால் ஒரு வேளாண்மைக் கல்லூரி செமஸ்டருக்குச் சமம். கதையின் முடிவு அவர்களுக்கே தெரியாது. ஆகவே யாரும் அவர்களை அழைப்பதில்லை.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் விதிகளை மீறச் சொல்லவில்லை. காமிராவை அணைத்த பிறகு அரை மணி நேரம் அரங்கத்தைப் பூட்டாமல் வைத்திருங்கள். விளக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்புங்கள். மைக்கை எடுத்துக்கொண்டு இடைவழியில் ஒருவர் நடக்கட்டும். பேச்சாளரைத் தேர்ந்தெடுக்கும்போதே ‘முடிவில் கேள்விக்குப் பதில் சொல்ல உட்காருவீர்களா’ என்று கேளுங்கள். மாட்டேன் என்பவரை விட்டுவிடுங்கள், அந்த ஒரு கேள்வியிலேயே பட்டியல் பாதி சுத்தமாகிவிடும். ஆறு பேரில் இரண்டு பேராவது வீட்டில் பேசுகிற மொழியில் பேசட்டும். ஒருவராவது இன்னும் ஜெயிக்காதவராக இருக்கட்டும்.

பந்தலில் உட்கார்ந்த பெண்களில் பலர் இன்றும் பிளாச்சிமடையில் இருக்கிறார்கள். கோவையிலிருந்து வருபவர்கள் பொள்ளாச்சியில் மீனாட்சிபுரம் பஸ் பிடியுங்கள். எல்லை தாண்டினால் பக்கந்தான். அழைப்பிதழ் அச்சடிக்கும் முன்பு ஒருமுறை போய் அவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.